நரிக்கட்டி

தள்ளி உக்காராதீங்க அம்மிணி, நாத்தம் என்ற மேல இருந்து வரலீங்க, இந்தப் பையில இருந்து வருது. கருவாடுன்னு நெனச்சிருப்பீங்க. கண்டக்டரும் அப்புடித்தான் நெனச்சாரு, கடைசி சீட்டுக்குப் போயிருன்னுட்டாரு. கருவாடு இல்லீங்க, நரிக்கட்டி. எங்க ஊர்ல வெச்ச பேரு அது. மீன்தூளப் போட்டுப் பெசஞ்சு சோப்புக்கட்டியாட்டம் வார்த்திருப்பாங்க. நிஜக் கட்டியில நடுவால ஒரு சின்ன மருந்துப் பொட்டலம் இருக்கும். அத ஐஸ் பெட்டியில வெச்சு ஜீப்புலதான் கொண்டு வருவாங்க. இது வெறுங்கட்டி. மருந்தில்ல, பயப்படாதீங்க. ஆலங்கரட்டு சனங்களுக்குக் காட்டறதுக்கு எடுத்துட்டுப் போறேன். கையில எடுத்துப் பாத்துட்டாங்கன்னா பாதிப் பயம் போயிரும்.

நரிக்கு வெறி புடிக்காம இருக்கறதுக்கு மருந்துங்க இது. நாய்க்குன்னா புடிச்சுக் கட்டி ஊசி போட்டர்லாம். நரியை யாரு போயிப் புடிக்கறது? அதனால கட்டியக் கொண்டுபோயி பள்ளத்தோரம், புதரோரம் வெச்சுட்டு வந்துருவோம். நரி மோந்து பாத்து வந்து கடிக்கும். கடிக்கறப்பப் பொட்டலம் ஒடஞ்சு மருந்து வாயெல்லாம் ஓடும். மென்னாத்தான் பலன். அப்புடியே முழுங்கிருச்சுன்னா ஒண்ணுமில்ல. மெர்லின் டாக்டரம்மான்னு ஒருத்தங்க, மாட்டு டாக்டருக்குப் படிச்சவங்க, நாகர்கோயில் பக்கம், அவங்கதான் இதெல்லாம் சொல்லிக் குடுத்தாங்க.

நீங்க சத்திக்கா? அப்ப எனக்குப் பொறகுதான் எறங்குவீங்க. சன்னல் பக்கம் உக்காந்துக்கங்க, நாத்தம் கொஞ்சம் தெரியாது.

எனக்கு எப்புடி இந்த வேலைன்னு கேக்கறீங்களா? எங்க வீட்டுக்காரரு நரி கடிச்சுத்தான் போனாரு.

ஐயோ, அப்புடிப் பாக்காதீங்க. சொல்றதுக்கு எனக்கு ஒண்ணுமில்லீங்க. எல்லா ஊர்லயும் சொல்லிச் சொல்லி இப்பப் பாடம் ஒப்பிக்கற மாதிரி வருது.

எங்கூடு கல்லாங்கரட்டுல, காட்டுக்குள்ளயே. ஒரு ஓலைச் சாளை, ஆட்டுப்பட்டி, சுத்தியும் ஆடு மேயற கொறங்காடு. எங்க வீட்டுக்காரரு பேரு நாச்சிமுத்து. அவருக்குக் கூடப்பொறந்தது ஒரே அண்ணன், சென்னியப்பன். எனக்கு மச்சாண்டாரு ஆகோணும். நேர்ல மாமாம்பேன். ரெண்டு பேரு காடும் பக்கத்துப் பக்கத்துல. ரெண்டு பேரு ஆடும் ஒட்டுக்கா மேயும். அண்ணனுந் தம்பியும் சேந்துதான் ஓட்டிட்டுப் போவாங்க. பொழுதுக்கும் ஒரே மரத்தடியில கெடந்துட்டு நாலு வார்த்தை பேசியிருக்க மாட்டாங்க. ஒருத்தரு பீடியப் பத்த வெச்சா இன்னொருத்தரு கையை நீட்டுவாரு. பேச்சுன்னா அவ்வளவுதான்.

போன வருசத்துக்கு முந்துன வருசம் மாசியில, பட்டப்பகல்ல ஒரு நரி வந்துச்சு. நரி பகல்ல ஆளைக் கண்டா நிக்காதுங்க. இது நேரா வந்துச்சாம், குடிச்சவன் நடக்கற மாதிரி. வாயெல்லாம் நொரை. வந்து ஆட்டுக்குட்டி மேல வுழுந்துச்சு. எங்க வீட்டுக்காரரு கையில தடி இல்ல. மச்சாண்டாரு தடியோட அக்கட்ட இருந்தாரு. இவரு வெறுங்கையில நரியப் புடிச்சு இழுத்திருக்காரு. மச்சாண்டாரு ஓடியாந்து போட்டாரு ஒரே போடு. நரி செத்துப் போச்சு. எங்க வீட்டுக்காரருக்குச் சுண்டுவெரலுக்குக் கீழ ஒரு கீறல். முள்ளுக் கீறுன மாதிரி. ‘ஒண்ணுமில்லடா, சுண்ணாம்பு வெச்சா ஆறிரும்’னு சொல்லி, மச்சாண்டாரே தன்ற டப்பியில இருந்து எடுத்துத் தடவி உட்டிருக்காரு.

எங்கிட்ட முள்ளுன்னுட்டாரு எங்க வீட்டுக்காரரு. நானும் முள்ளுன்னே இருந்துட்டேன்.

சோப்புப் போட்டு ஓடற தண்ணியில நல்லா நேரமெடுத்துக் கழுவிட்டு, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயி ஊசி போட ஆரம்பிச்சு, சொன்ன தேதிக்கெல்லாம் உடாமப் போட்டிருந்தா ஆளு இருந்திருப்பாரு. நாயி, பூனை, நரி, கீரி, எது கடிச்சாலும் அதுதான். கீறுனாலும் அதுதான். இத நான் ஊரு ஊராச் சொல்றேன். நீங்களும் நெனப்புல வெச்சுக்கங்க.

சுண்ணாம்பு வெச்ச கதையெல்லாம் எனக்கு ஆஸ்பத்திரியிலதான் தெரியும். மச்சாண்டாரே டாக்டருகிட்டச் சொன்னாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். அதப் பத்தி நான் அவருகிட்ட ஒரு வார்த்தை கேக்கலீங்க. அன்னைக்கும் கேக்கல, இன்னைக்கு வரைக்கும் கேக்கல. எங்கக்கா, எங்க அண்ணி, எல்லாரும் ‘போயி நாலு வார்த்தை நாக்கப் புடுங்கற மாதிரி கேளு’ன்னாங்க. நான் வாயத் தொறக்கல. கேட்டு என்ன ஆவுது? அந்த விசயத்துல என்னைய ஒருத்தரும் கொறை சொல்ல முடியாது.

சித்திரையில ஒரு நாள் எங்க வீட்டுக்காரரு ஃபேனை நிறுத்தச் சொன்னாரு. காத்து மூஞ்சியில பட்டாத் தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. மக்யாநாளு சோறும் எறங்கல, தண்ணியும் எறங்கல. பெரியாஸ்பத்திரியில தனி ரூம்புல போட்டாங்க. வெளிச்சம் படாம சன்னலுக்குத் துணி கட்டிட்டாங்க. தாகம் இருக்குங்க அவங்களுக்கு. இல்லைன்னு நெனச்சுக்காதீங்க. அண்ணா தண்ணின்னு கேப்பாரு. மச்சாண்டாரு டம்ளர்ல எடுத்துட்டுப் போவாரு. டம்ளரைக் கண்டதும் தொண்டை இழுத்துக்கும். தட்டி உட்டுருவாரு. தட்டி உட்டுட்டு அண்ணன் மூஞ்சியவே பாப்பாரு. கொஞ்ச நேரத்துல மறுபடியும் அண்ணா தண்ணி. மறுபடியும் இவரு எடுத்துட்டுப் போவாரு. நர்சம்மா வேண்டாமுன்னு சொல்லியும் கேக்கல. பஞ்சுல நனச்சு ஒதட்டுல வெச்சுப் பாத்தாரு. அதுக்கும் முடியல.

நான் வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன். எதுத்த செவுத்துல ஒரு காலண்டரு. யாரும் கிழிக்காம உட்டு, பழைய மாசமே தொங்கிட்டிருந்துச்சு. எனக்கு அதையே பாத்துட்டிருந்து, கிழிக்கோணும் கிழிக்கோணும்னு இருந்துச்சு. எந்திரிச்சுப் போயிக் கிழிச்சேன். திரும்புனா மச்சாண்டாரு வெளிய வந்து நிக்கறாரு, கையில டம்ளரோட.  முடிஞ்சு போச்சுன்னு அதுலயே தெரிஞ்சுது.

நான் அழுவலீங்க. வேணும்னு இல்ல. வரல. பல்லுப் புடுங்கறதுக்கு ஊசி போட்டா, கன்னத்தக் கிள்ளுனா வேற ஆரு கன்னத்தையோ கிள்ளுன மாதிரி இருக்குமில்லீங்க, அப்புடி இருந்துச்சு. ஆட்டுக்குத் தண்ணி காட்டுனேன். சோறாக்குனேன். எழவுக்கு வந்தவங்களுக்கு டீ பத்தலைன்னு பாலுக்கு ஆள் அனுப்பிச்சேன். கல்லு மாதிரி இருக்கறா பாருன்னு பேசிக்கிட்டாங்க. காதுல வுழுந்துச்சு. அதுவும் ஒண்ணும் பண்ணல. மவ திருப்பூருக்குக் கூப்புட்டா. போகல. அங்க போனா மட்டும் என்ன?

ஆனா ஒண்ணு சொல்றேன், இதுதான் எனக்கு மனசுல கெடக்கறது. காரியமெல்லாம் முடிஞ்ச பொறகு மச்சாண்டாரு அப்பப்ப வந்து வாசல்ல உக்காருவாரு. எங்க பக்கத்துல வூட்டுக்கு ஆரு வந்தாலும் மொதல்ல ஒரு சொம்புத் தண்ணி வெக்கறது மொறை. பகையாளி வந்தாக்கூட வெப்போம். நானும் கொண்டாந்து வெப்பேன். அவரு தொட மாட்டாரு. சொம்பைக் கண்டதும் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிரும், அக்கட்டால திரும்பிக்குவாரு. செத்த நேரம் இருந்துட்டு எந்திரிச்சுப் போயிருவாரு. ஒவ்வொரு தடவையும் அப்புடித்தான். அதுக்கு முன்னெல்லாம் அப்புடியில்ல, அவரே உள்ள வந்து மொண்டு குடிச்சுட்டுப் போவாரு. என்ற கையால தண்ணி வாங்கக் கூடாதுன்னு நெனைக்கற அளவுக்கு நான் என்ன பண்ணிட்டேன்? நானும் உடல. வந்தாருன்னா மொதல் வேலையாச் சொம்பைக் கொண்டாந்து அவருக்கு முன்னால வெச்சுருவேன். எங்கிட்டக் கொறையில்ல பாருன்னு.

அப்பறம் ஐப்பசி மழைக்குப் பொறகு மெர்லின் டாக்டரம்மா ஜீப்புல வந்தாங்க. எங்க பக்கத்துக் காட்டு நரிக்கெல்லாம் வெறி பரவியிருக்குது, கட்டி வெச்சுப் பாக்கப் போறோம்னாங்க. ஊர்ல ரெண்டு மூணு ஆளு வேணும்னாங்க. எங்கிட்ட வந்து, நரி எந்தப் பக்கமிருந்து வந்துச்சுன்னு கேட்டுட்டு, தயங்கித் தயங்கி, ‘அக்கா, நீங்க வர்றீங்களா? முடியாதுன்னா வேண்டாம்’னாங்க. சரீன்னேன். எதுக்குச் சரீன்னேன்னு கேட்டாத் தெரியாது. காட்டுக்குள்ள நடந்தா ஆரும் பேசமாட்டாங்க, அது புடிச்சிருந்துச்சு.

சேதி தெரிஞ்சு மச்சாண்டாரு வந்தாரு. உக்காரல.

“நரிக்குச் சோறு போடப் போறியாமா?”

“சோறில்லீங் மாமா, மருந்து. கூலி குடுக்கறாங்க.”

“என்ற தம்பியத் தின்னதுக்கு நீ போயி ஊட்டி உடறயா?”

“அந்த நரி அன்னைக்கே செத்துப் போச்சுங்களே. இது வேற நரி.”

 நான் உள்ள போயித் தண்ணி எடுத்துட்டு வந்தேன். வந்து பாத்தா ஆளில்ல. ஆட்டுக்காகத்தான் இந்தக் கோவம்னு நான் நெனச்சேன். நரி பெருகுனா குட்டியத் தூக்கிருமில்லீங்க. அவரு வெள்ளாட்டு மேல உசுரையே வெச்சிருக்கறவரு.

வேலை ஒண்ணும் கஷ்டமில்ல. காத்தால கையுறை மாட்டிக்கோணும். கட்டிய உண்ணிச்செடிக்கு அடியில, பள்ளத்து மணல்ல, பாறைச் சந்துல வெச்சுட்டு வரோணும். ஒடஞ்ச பொட்டலத்து மருந்து கையில பட்டா உடனே சோப்புப் போட்டுக் கழுவிட்டு டாக்டரம்மாகிட்டச் சொல்லோணும். ஊருக்குள்ள ஆளுக்கும் நாய்க்கும் அதத் தொடாதீங்கன்னு சொல்லோணும். மரத்துல கேமரா கட்டியிருப்பாங்க. எது வந்து தின்னுச்சுன்னு அதுல தெரியும். கீரி வரும், காட்டுப்பன்னி வரும். மொத தடவை நரி வந்தப்ப டாக்டரம்மா சின்னப் புள்ளையாட்டம் குதிச்சாங்க. எனக்கும் காட்டுனாங்க. கட்டியக் கவ்விக்கிட்டு, தலையத் திருப்பி நேரா நம்மளப் பாக்கற மாதிரி ஒரு நரி. என்னக்கா தோணுதுன்னு கேட்டாங்க. காது ஒண்ணு கிழிஞ்சிருக்குதுங்கன்னேன். வேற ஒண்ணும் தோணல.

தை மாசம் நரி சாக ஆரம்பிச்சுது.

பள்ளத்துல ஒண்ணு கெடந்துச்சு. அப்பறம் பாறைக்கு அந்தாண்ட ஒண்ணு. காது கிழிஞ்சதும் அதுல இருந்துச்சு. ஊரே கூடிருச்சு. மருந்துன்னு சொல்லி வெசத்த வெக்கறீங்க, நாளைக்கு எங்க மாடு தின்னா? புள்ளைக தொட்டா? அப்புடீன்னு ஆளாளுக்குக் கத்துனாங்க. ஜீப்பை மறிச்சுட்டாங்க. டாக்டரம்மா பாவம், ரோட்டுல நின்னுட்டு எவ்வளவோ சொல்லிப் பாத்தாங்க. ஆரு காதுல வாங்கறாங்க? கட்டி வெக்கறத நிறுத்திட்டாங்க. மேலிடத்துல இருந்தும் வேண்டாம்னுட்டாங்களாம், காரணம் தெரியற வரைக்கும். அப்பறம் நரிய அறுத்துப் பாத்தாங்க. வயித்துல கோழிக்குடலு, அதுல பூச்சி மருந்து. எங்க கட்டி எதுவும் வயித்துல இல்ல. ஆரோ குடல்ல மருந்து கலந்து வெச்சிருக்காங்க.

“அக்கா, யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”ன்னு டாக்டரம்மா கேட்டாங்க.

“தெரியலீங்க”ன்னேன்.

தெரியும். முந்தின வாரம் சந்தையில கோழிக்கடை வாசல்ல மச்சாண்டாரு ஒரு பையோட நின்னாரு. தம்பி போனதுல இருந்து அவரு வூட்டுல கறி எடுக்கறதில்ல. நோம்பிக்குக்கூட எடுக்கல. அப்பறம் கோழிக்கடையில என்ன வேலை? அப்பவே நெனச்சேன், நெனச்சுட்டு அப்புடியே உட்டுட்டேன். எதையும் ரெண்டாவது தடவை நெனைக்கற தெம்பு எனக்கு அப்ப இல்லீங்க.

அன்னைக்கு மத்தியானம் அவரு காட்டுக்குப் போனேன். வேலியோரம் உக்காந்திருந்தாரு. தாடி நெஞ்சு வரைக்கும் வளந்து கெடந்துச்சு. தம்பி காரியத்துக்கப்பறம் செரைக்கவேயில்ல மனுசன்.

“ஏனுங் மாமா, நரிக்கு மருந்து வெச்சது நீங்களா?”

“ஆமா.” ஒளிக்கல, மறைக்கல.

“ஆட்டுக்காகவா?”

என்னைய நிமுந்து பாத்தாரு. அப்புடி அவரு என்னைய நேராப் பாத்ததேயில்ல, எங்க மொறைக்கு அது பழக்கமில்ல. “ஆடாம் ஆடு”ன்னாரு. “எந்த நரி என்ற எந்த ஆட்டப் புடிச்சுது?”

மழுப்பறாருன்னு தெரிஞ்சுது. நான் மேல கேக்கல. அவரே, “பாவாயி, அன்னைக்கு நான் அந்தச் சுண்ணாம்ப...”ன்னு ஆரம்பிச்சாரு.

“அதெல்லாம் இப்ப எதுக்குங் மாமா. இன்னும் எங்கெங்க வெச்சிருக்கறீங்க, அதச் சொல்லுங்க. மேய்ச்சலுக்குப் போற ஆடு மாடு தின்னுரும், நாய் தின்னுரும்”ன்னேன்.

அவரு எந்திரிச்சாரு. ஒரு சாக்கை எடுத்துத் தோள்ல போட்டுட்டு முன்னால நடந்தாரு. நான் கையுறையோட பின்னால போனேன்.

அவரு வெச்ச எடமெல்லாம் எனக்குப் பழக்கமான எடமா இருந்துச்சுங்க. எங்க வீட்டுக்காரரு ஆட்ட உட்டுட்டுப் படுத்துக்கற வேப்பமரம். ரெண்டு பேரும் கஞ்சி குடிக்கற பாறை. மழைக்கு ஒதுங்கற பாறைப் பொடவு. நரி வர்ற தடமே அங்க இல்ல. மெனக்கெட்டு எதுக்கு அங்கெல்லாம் வெச்சாருன்னு நானும் கேக்கல. போக வரச் சௌரியமா இருந்திருக்கும். கோழிக்குடலக் குச்சியில தள்ளிச் சாக்குல போட்டுட்டே போனோம். ஈ மொச்சுக்கிட்டு ஒரே நாத்தம். 

பொடவுக்கிட்டப் போறப்ப ஒரு சத்தம். நரி ஒண்ணு கெடந்துச்சு, உசுரோட. அப்பத்தான் தின்னிருக்கும்போல. காலு நாலும் தனித்தனியா இழுக்குது. வாயில நொரை தள்ளுது. தலையத் தூக்கித் தூக்கிப் போடுது. பெட்டை நரி, மடி சொரந்திருந்துச்சு.

மச்சாண்டாரு அப்புடியே நின்னுட்டாரு. தோள்ல இருந்த சாக்கு நழுவிக் கீழ வுழுந்துச்சு. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. தலையில ஒரு கல்லப் போட்டாச் சீக்கிரம் முடியும்னு கல்லுத் தேடுனேன். அதுக்குள்ள இந்த மனுசன் பள்ளத்துக்கு ஓடுனாரு. துண்ட அங்க ஓடற தண்ணியில முக்கி எடுத்துட்டு ஓடி வர்றாரு.

“மாமா, தொடாதீங்க! வாய்க்கிட்டப் போகாதீங்க!”ன்னு கத்துனேன்.

அவருக்கும் எனக்கும் அப்ப ஊசியெல்லாம் போட்டிருந்தாங்க, செத்தவரோட இருந்தவங்கன்னு. இருந்தாலும் தொடலாமுங்களா? அவரு கேக்கல. மண்டி போட்டு உக்காந்து, துண்டப் புழிஞ்சு, மேல இருந்து அது வாயில தண்ணிய உட்டாரு. மொதல்ல வழிஞ்சு போச்சு. மறுபடியும் புழிஞ்சாரு. அப்பறம் அது நாக்க நீட்டுச்சு. நக்குச்சு. தொண்டை ஏறி எறங்குனது எனக்கே தெரிஞ்சுது.

“குடிக்குது பாவாயி”ன்னாரு. “பாரு, குடிக்குது. குடிக்குது.”

ஓடிப்போயி மறுபடியும் முக்கிட்டு வந்தாரு. அதுக்குள்ள அது அடங்கிருச்சு. அந்த மனுசன் ஈரத்துண்டக் கையில வெச்சுக்கிட்டு அழுதாரு பாருங்க, நான் என்ற ஆயுசுல ஒரு ஆம்பளை அப்புடி அழுது பாத்ததில்ல. தம்பி எழவுக்குக்கூட அவரு அப்புடி அழுவல. ஒரு நரிக்குப் போயி இவரு எதுக்கு இப்புடி அழுவறாருன்னு நான் நின்னு பாத்துட்டிருந்தேன். ஏதாச்சும் சொல்லோணும்னு இருந்துச்சு. வாயில என்ன வந்துச்சுன்னா, “துண்டத் தூக்கிச் சாக்குல போடுங்க மாமா, கையச் சோப்புப் போட்டுக் கழுவோணும்.” அதத்தான் சொன்னேன். சோப்பு பையில இருந்துச்சு. பள்ளத்துல உக்கார வெச்சு, நான் மேல இருந்து தண்ணி ஊத்துனேன், அவரு கழுவுனாரு. ரொம்ப நேரம் கழுவுனாரு. போதுங் மாமான்னு நான் சொல்லியும் கழுவிட்டே இருந்தாரு.

குட்டிக எங்கயோ பொடவுக்குள்ள இருந்திருக்கும். டாக்டரம்மாகிட்டச் சொல்லித் தேடச் சொன்னேன். ரெண்டு கெடைச்சுது, எடுத்துட்டுப் போயி வளத்துறாங்க.

மக்யாநாளு காத்தால மச்சாண்டாரே ஃபாரஸ்ட் ஆபீசுக்குப் போயி, நாந்தான் வெச்சேன்னு சொல்லிட்டாரு. நரியக் கொல்றது பெரிய குத்தமுங்களாமா. உள்ள வெச்சாங்க. ஊரெல்லாம் நான் காட்டிக் குடுத்துட்டேன்னு பேச்சு. புருசனக் கொன்ன நரிக்காக மச்சாண்டாரு குடும்பத்தையே கெடுத்துட்டான்னாங்க. அவரு மவனும் மருமவளும் என்ற பக்கம் திரும்பறதில்ல. நான் இல்லைன்னு ஆருகிட்டயும் சொல்லிட்டுத் திரியல. டாக்டரம்மாதான் அலைஞ்சு, அவரே முன்வந்து ஒத்துக்கிட்டாரு, மிச்சத்தையும் அவரே பொறுக்கிக் குடுத்தாருன்னு எழுதிக் குடுத்தாங்க. ஜாமீன்ல வந்தாரு. கேசு இன்னும் நடக்குது. வாய்தாவுக்குச் சத்திக்கு வந்துட்டுப் போயிட்டிருக்காரு.

எங்க ஊர்ல மறுபடியும் கட்டி வெக்க உட்டாங்க, ரொம்பச் சங்கடத்துக்குப் பொறகு. கூண்டு வெச்சு நரியப் புடிச்சு, ரத்தம் எடுத்துட்டு உட்டாங்க. பாதி நரிக்கு மேல மருந்து புடிச்சிருக்குதாமா. மயக்கத்துல கெடந்த ஒரு நரிய, தொடறீங்களாக்கான்னு டாக்டரம்மா கேட்டாங்க. கையுறையோட விலாவுல கைய வெச்சேன். மூச்சு ஏறி எறங்குச்சு. சூடா இருந்துச்சு. எடுக்கலாங்க்கான்னு அவங்க சொல்ற வரைக்கும் கைய எடுக்கோணும்னு எனக்குத் தோணல. இந்த வருசம் எங்க பக்கம் வெறி நரி வரலீங்க. மருந்தாலயா, தானாவேயான்னு இப்பவே சொல்ல முடியாதுன்னு டாக்டரம்மா சொல்றாங்க. வரல, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இப்ப ஆலங்கரட்டுப் பக்கம் ஆரம்பிக்கறாங்க. அங்கயும் நம்ம ஊரு கதையக் கேட்டுப் பயந்து கெடக்கறாங்களாமா. அதுக்குத்தான் என்னைய அனுப்பறாங்க. சொன்னாக் கேப்பாங்களான்னு தெரியல. கேக்காட்டி நாளைக்கும் போகோணும்.

என்னங்க? அவரு வெசம் வெச்சது ஆட்டுக்காக இல்லீங்களா? தம்பிய நெனச்சா? இருக்கலாமுங்க அம்மிணி. நீங்க வெளிய இருந்து கேக்கறீங்க, உங்களுக்கு அப்புடித் தெரியுது. எனக்கு அப்ப அதெல்லாம் ஓடல. இப்பவும்... தெரியலீங்க.

அதா, டிரைவருக்குப் பின்னால, மூணாவது சீட்டுல, வெள்ளைத் துண்டு போட்டுட்டு உக்காந்திருக்காரு பாருங்க ஒருத்தரு. தாடி வெச்சவரு. அவருதாங்க மச்சாண்டாரு. இல்லீங்க, இன்னைக்கு வாய்தா இல்ல. நான் கட்டி எடுத்துட்டு வெளியூர் போனா அவரும் கெளம்பி வந்தர்றாரு. ஆரும் கூப்புடல. அவருக்குக் கூலியும் கெடையாது. அங்க சனங்க கூடுனா ஒரு ஓரமா நிப்பாரு. நான் பேசி முடிச்சதும், நரி கடிச்சப்ப ஊசி போடாம சுண்ணாம்பு வெச்சது நாந்தான், என்ற தம்பி செத்துப் போனான்னு சொல்லுவாரு. அத மட்டுந்தான் சொல்லுவாரு. கூட்டம் அப்பத்தான் அமைதியாகும். நான் அந்த நேரத்துல கட்டியெல்லாம் பையில எடுத்து வெச்சுட்டிருப்பேன். எதுக்கு வர்றாருன்னு நான் கேட்டதில்ல. காட்டுல வேற சோலி இல்லாம இருக்கும்.

ஆலங்கரட்டுப் பிரிவு வந்துருச்சு. பாருங்க, நான் எந்திரிக்கறதுக்குள்ள அவரு எந்திரிச்சுட்டாரு. திரும்பிப் பாக்க மாட்டாரு. எறங்கறப்பக் கை குடுப்பாருன்னும் நெனைக்காதீங்க, எங்க மொறையில அது கெடையாது. முன்படியில எறங்கி வெளிய நின்னுட்டு, நான் பின்படியில எறங்கி ரெண்டு காலும் ரோட்டுல ஊனற வரைக்கும் பஸ்ஸு மேல கைய வெச்சுட்டு நிப்பாரு. கண்டக்டரு விசில் ஊதுனாலும், டிரைவரு திட்டுனாலும், கைய எடுக்க மாட்டாரு.

வர்றனுங்க அம்மிணி.